விசிறி சுற்றினால் போதுமா?

பழைய கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தால் நம்மூரில் முதல் தீர்ப்பு, “விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மட் பண்ணணும்” என்பதுதான். திரையில் ஓர் எழுத்துக்கூட வராதபோது விண்டோஸ் மேல் பழி போடுவது அநியாயம். அதன் முறை வருவதற்கு முன்பே நடந்தாக வேண்டிய காரியங்கள் பல.

முதல் காரியம் மின்சாரம். பட்டனை அமுக்கியதும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தன் 12, 5, 3.3 வோல்ட்டுகளைச் சீராக்கிக்கொண்டு, ஒரு சாம்பல் நிற ஒயர் வழியாக ‘தயார்’ என்று மதர்போர்டுக்குத் தகவல் அனுப்பும். அரை வினாடிக்குள் முடிகிற வேலை. அந்தத் தகவல் வராதவரை பிராசஸர் அசையாது. விசிறி மட்டும் சுற்றும். நாமும் “கரண்ட் வருதே” என்று ஏமாறுவோம். 12 வோல்ட் ஒயரில் 11.4-க்குக் கீழே இறங்கினாலே கோளாறு என்று கொள்ள வேண்டும். விசிறியோ பத்து வோல்ட்டிலும் சந்தோஷமாகச் சுற்றும்.

காலையில் அடம்பிடித்து, நாலைந்து முறை அமுக்கிய பிறகு ஓடுகிறதா? கெபாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகளில் மட்டமான கெபாசிட்டர்கள் இருந்தன. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெளியே எதுவும் தெரியாவிட்டால், அதே வகை எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

மின்சாரம் சரியென்றால் காதைத் தீட்டுங்கள். பீப் சத்தத்தின் கணக்கு, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் புரோகிராமான பயோஸுக்கு பயோஸ் மாறும். அவார்டு பயோஸில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்றால் டிஸ்ப்ளே கோளாறு. விடாமல் அடித்தால் பெரும்பாலும் ராம். அதைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுவது மெக்கானிக்குகளின் கைவைத்தியம். பல நேரம் பலிக்கும்.

‘சீமாஸ் செக்சம் எரர்’ என்று காட்டி, தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்; வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் வங்கி இணையதளங்கள்கூடத் திறக்காது என்பதால், உடனே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவையும் வீட்டிலேயே பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். அதைப் பழுது பார்க்க முயலாமல் முழுசாக மாற்றுங்கள்.