தரகரை மட்டும் ஏசிப் பயனென்ன?

வீட்டுமனைத் தரகர் என்றாலே பொய் சொல்பவர், இருபுறமும் கமிஷன் பறிப்பவர் என்பது பொதுக்கருத்து. ஏமாந்தோரின் அனுபவம் அதற்குச் சான்று. ஆனால் நிலத்தைச் சரக்காக்கியவர் தரகர் அல்லர்.

கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றிய சுரங்கங்களை, 2001-இல் ஒன்றிய அரசு மூடியது. சிலிகா தூசைச் சுவாசித்துப் பொன் வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்கள் இன்றும் லைன் வீடுகளில் வாழ்கின்றன. பிழைப்புக்காக அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறுகின்றன. வேலை பறிபோன ஊரில் தரகும் ஒரு பிழைப்பே. இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் அருகில் வந்துவிட்டது. மனை வணிகத்தின் பார்வை இப்பக்கம் திரும்பாதிருக்குமா?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகரும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. மேலும், அது மனை வாங்குவோரைக் காக்கும் சட்டம். தலைமுறைகளாகக் குடியிருப்போருக்கு நிலவுரிமை தரும் சட்டமன்று.

பத்திரமில்லாதவரின் அச்சமே மோசடித் தரகரின் மூலதனம். அந்த மூலதனத்தைப் பறிக்க வழி ஒன்றே: லைன் வீடுகளில் வாழ்வோர் பெயரில் அவ்வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வழங்குக!