பயிற்சிக் கூடத்தில் தொட்டிலும் வேண்டும்



ஏழைத் தாய்மார்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி என்று அறிவித்தால் மட்டும் போதாது. வகுப்பு நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கும் விடை வேண்டும். தமிழகத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் பசியாற்றுகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்குத்தான் வழியில்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். பால்குடி மறவாத பிள்ளையை நாள் முழுவதும் அங்கே விட முடியாது.

பயிற்சிக் கூடத்திலேயே தொட்டில் வைத்தால் செலவு கூடும் என்பதும் சரியான வாதமல்ல. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு பயிற்சியும் வீண்செலவே. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் இருந்தாலே, அங்கு வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் கூலி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் செய்யச் சொன்னது. மண் வெட்டும் இடத்துக்கு வகுத்த விதியைப் பயிற்சிக் கூடத்துக்கும் அரசு நீட்டிக்க வேண்டும்.

– வாசகர், மதுரை