புலமைப்பரிசில் எட்டாத தூரம்

இந்தியாவில் கற்க இலங்கை மாணவருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் இந்திய அரசின் புலமைப்பரிசில் தாராளமானது. கல்விக் கட்டணம், மாதாந்த உதவித்தொகை, தங்குமிடப் படி, நூல்களுக்கான கொடை, விமானப் பயணச்சீட்டு என்பன அதில் அடங்கும். ஆனாலும் மலையகத்தின் மஸ்கெலியாவில் உள்ள தோட்டமொன்றில் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை விண்ணப்பிக்கத் தயங்குகிறது. திறமை குறைந்ததால் அல்ல. உதவி தொடங்கும் இடத்தைச் சென்றடையவே அந்த வீட்டில் பணமில்லை.

தோட்டத்திலிருந்து மஸ்கெலியா, அங்கிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன், பிறகு கண்டி அல்லது கொழும்பு. கடவுச்சீட்டுக்கு ஒரு நாள், விசாவுக்கு ஒரு நாள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் ஒருவிதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் திருத்துவதற்கு இன்னும் சில நாட்கள். சிங்களத்தில் உள்ள ஆவணத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கவும் செலவு. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. பிள்ளையோடு கண்டிக்குப் போகும் நாளில் தாய்க்கு அந்தச் சம்பளமும் இல்லை. இருவரின் பஸ் காசும் கையைவிட்டுப் போகும். தெரிவாகுமா என்று தெரியாத ஒரு விண்ணப்பத்துக்காக அடகுக் கடைக்குப் போக எந்தக் குடும்பம்தான் துணியும்?

போய்ச் சேர்ந்த பின்னரும் நெருக்கடி தீர்வதில்லை. அவுஸ்திரேலியாவில் பாடம் நடக்கும் காலத்தில் மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம் வேலை செய்யலாம். ஆனால் இந்திய மாணவர் விசாவில் வேலைக்கு இடமில்லை. முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை விடுதி முற்பணம், உணவு, போர்வை, தொலைபேசி எல்லாம் வீட்டுக்காசில்தான். நீண்டகால விசாவில் வந்தவர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்யவும் வேண்டும். குளிரில் வளர்ந்த உடம்பு கோடை வெயிலுக்குப் பழகும் முன்பே இத்தனையும்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் இன்னொன்றும் நேர்கிறது. இலங்கை என்றதும் சக மாணவர் யாழ்ப்பாணத்தைக் கேட்கிறார்கள். மலையகம் என்றொரு நிலமும் அங்கே இருநூறு ஆண்டுகளாக வாழும் மக்களும் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த வரலாற்றின் மறுபாதி பக்கத்திலேயே இருக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையக மக்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. அவ்வாறு சென்றவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. கோயம்புத்தூரில் படிக்கும் மஸ்கெலியாப் பிள்ளைக்குக் கூடலூரிலோ கோத்தகிரியிலோ தாத்தாவின் தம்பி குடும்பம் இருக்கலாம். விடுமுறைக்குப் போக ஒரு வீடு, அவசரத்துக்கு ஒரு கைமாற்று, விடுதிப் படிவத்தில் பாதுகாவலர் என எழுத ஒரு பெயர் அங்கே கிடைக்கும். இன்று அந்த மாணவருக்குள்ள ஒரே காப்பு இந்த உறவுதான். டெல்லியிலோ புனேயிலோ இடம் கிடைத்த பிள்ளைக்கு அதுவும் இல்லை. நிறுவனம் ஒன்று செய்யவேண்டிய வேலையை உறவின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்கிறோம்.

உதவி கேட்டால், படித்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள், அவர்களுக்கு ஏன் பொதுப்பணம் என்ற கேள்வி எழும். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில், மஸ்கெலியா அமைந்துள்ள நுவரெலியா இன்னமும் கல்வியில் பின்தங்கிய மாவட்டமாகவே கணிக்கப்படுகிறது. உள்நாட்டு இடங்கள் போதாதபோது வெளியே திறந்திருக்கும் கதவை மூடுவது தீர்வாகாது. இலவசமாகக் கொடுக்கத் தயக்கமென்றால் கடனாகக் கொடுக்கலாம்.

1947இல் உருவான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உள்நாட்டில் உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிப்போருக்குக் கைகொடுக்கிறது. அதுபோலக் கடல் கடந்து செல்வோருக்கும் வட்டியில்லாச் சுழற்சிக் கடன் நிதியொன்று தேவை. விண்ணப்பக் காலத்துப் பயணமும், சென்ற பின் முதல் மூன்று மாதச் செலவும் அதிலிருந்து வரட்டும். வேலை கிடைத்தபின் திருப்பிக் கட்டட்டும். கடவுச்சீட்டு, பெயர்த் திருத்தம், விசா விண்ணப்பம் மூன்றுக்கும் மாதம் ஒருமுறை ஹட்டனில் தமிழில் நடமாடும் சேவை நடத்த வேண்டும். ஏற்கெனவே போய்ப் படிப்பவர்களின் தொடர்பு விபரம், அவர்கள் சம்மதத்துடன், தோட்டப்புற உயர்தரப் பாடசாலைகளில் இருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் சார்பில் பேசும் அமைச்சும் தொழிற்சங்கங்களும் அடுத்த புலமைப்பரிசில் அறிவித்தல் வருமுன் இம்மூன்றையும் செய்ய முடியும். பெரும் கட்டடமோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. செய்யத் தவறினால், மலையகத்துக்கும் திறந்திருக்கும் இந்த வாய்ப்பு கொழும்புக்குப் பக்கத்தில் வசதியோடு இருப்பவரையே போய்ச் சேரும்.