கீறல் விழாத விமானி கடிகாரம் எதற்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய விமானி க்ரோனோகிராஃப் எதையும் வாங்கும் வசதி எனக்கு இல்லை. "எட்டாத பழம் புளிக்கும் கதைதானே?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தச் சேகரிப்பு உலகத்துக்கு ஒரே மந்திரம்தான்: "ஒரிஜினல்". டயலை எப்போதோ மாற்றியிருக்கிறார்களா? விலை குறையும். முள்ளில் ஒளிரும் பூச்சைப் புதுப்பித்திருக்கிறார்களா? இன்னும் குறையும். ஐம்பது வருடம் யாரும் கட்டாமல் டிராயரிலேயே தூங்கியதா? ஆஹா, ஏலத்தில் அடிதடி!

எனக்கு இது முழுக்கத் தலைகீழாகப் படுகிறது.

உதாரணத்துக்கு 'டைப் 20' கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். 1950களில் பிரெஞ்சு ராணுவம் தன் விமானிகளுக்காக வகுத்த விதிகளின்படி பிரெகே, டோடான், ஓரிகோஸ்ட், விக்ஸா போன்ற பெயர்களில் வந்தவை. ஒரு நாளைக்கு 8 விநாடிக்கு மேல் தவறக்கூடாது, ஒருமுறை சாவி கொடுத்தால் குறைந்தது 35 மணி நேரம் ஓட வேண்டும் என்பவை அந்த விதிகளில் சில. முக்கியமான விதி 'ஃப்ளைபேக்'. சாதாரண க்ரோனோகிராஃபில் நிறுத்து, பூஜ்யமாக்கு, மறுபடி ஓட்டு என்று மூன்று அழுத்தம். இதில் ஒரே அழுத்தம். இந்தத் திசையில் இத்தனை நிமிடம், அடுத்த திசையில் இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பறப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

அதாவது இது நகை இல்லை சார், கருவி. விமானப்படையின் சொத்து. கெட்டால் பழுது பார்ப்பார்கள், தேய்ந்தால் பாகம் மாற்றுவார்கள். பல டைப் 20 கடிகாரங்களின் பின்மூடியில் 'எஃப்.ஜி.' என்ற எழுத்தும் ஒரு தேதியும் குத்தியிருக்கும். சர்வீஸுக்குப் பிறகான உத்தரவாதம் முடியும் நாள் அது. சிலவற்றில் இப்படி வரிசையாகப் பல தேதிகள்! அந்தக் கடிகாரத்தின் வேலைப் பதிவேடே அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த முத்திரையைப் பார்த்துப் பூரித்துப் போகிறவரே, அந்த சர்வீஸில் மாற்றிய முள்ளைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

ஜெர்மனியிலும் இதே கதை. அந்நாட்டு ராணுவத்துக்காக ஹாயர் செய்த 1550 எஸ்ஜி க்ரோனோகிராஃப்களை, பணி முடிந்தபின் சின் நிறுவனம் சீர்செய்து, சிலவற்றில் தன் பெயர் போட்ட டயலை வைத்து விற்றது. அந்த டயல் குறையா? அது வாழ்ந்த வாழ்க்கையின் அடுத்த அத்தியாயம் இல்லையா?

"ரசனை அவரவர் விருப்பம், உனக்கென்ன?" என்றால், இந்த ரசனையால் சேதம் இருக்கிறது. 'ஒரிஜினல்' டயலுக்கு இவ்வளவு மவுசு இருப்பதால்தான் போலி டயல் அச்சாகிறது, புதுப் பூச்சுக்கு வேண்டுமென்றே பழுப்பு நிறம் ஏற்றப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கடிகாரத்தைப் பிரித்து, அதன் முள்ளை இன்னொன்றுக்கு மாட்டி 'அசல்' ஆக்குகிறார்கள். நேர்மையாகப் பழுது பார்த்த கடிகாரம் மதிப்பிழக்கிறது, பொய்யாகப் பழசாக்கியது பணமாகிறது.

மாற்றியதை மறைத்து விற்பதை நான் ஆதரிக்கவில்லை. அது மோசடி, சந்தேகமே இல்லை. எது எப்போது மாறியது என்று சொல்லி விற்கட்டும். வாங்குபவர் அதைக் குறையாகப் பார்க்காமல் வரலாறாகப் பார்க்கட்டும். அவ்வளவுதான் என் வாதம்.

பறக்காத விமானி கடிகாரத்துக்கு முதல் மரியாதை, பறந்து அடிபட்டதற்குத் தள்ளுபடி. இதற்குப் பெயர் வரலாற்றுக் காதலாம்! என்னைக் கேட்டால் பெட்டியின் மேல் காதல் என்பேன்.

அடிக்க வருகிற சேகரிப்பாளர்கள் தயவுசெய்து வரிசையில் வரவும். வரும்போது அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வந்தால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும் :-)