வானத்துப் புறம்போக்கு யாருக்குச் சொந்தம்?

"கூலி உயர்வைப் பற்றி எழுதுங்கள், ரேஷன் அரிசியைப் பற்றி எழுதுங்கள். ஆகாயத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைப் பற்றி எழுதி எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர்ப் புறம்போக்கைப் பண்ணையார் வேலி போட்டு வளைத்தபோது "நமக்கென்ன" என்று நாம் சும்மா இருந்தோமா? மாடு மேய்கிற நிலம், விறகு பொறுக்குகிற நிலம், குடிசை போட வேண்டிய நிலம் என்று கொடி பிடித்துப் போனோம். வானத்திலும் அப்படியொரு புறம்போக்கு இருக்கிறது. அதையும் வளைக்கிறார்கள். வளைப்பதற்கு வேண்டிய வேலியும் கம்பமும் நம் வரிப்பணத்தில் போகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

இருப்பது ஒரே ஒரு வளையம்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வட்டப் பாதை. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றுகிற நேரத்தில், அங்கே விடப்பட்ட கோளும் பூமியை ஒரு முறை சுற்றி வந்துவிடும். ஆகவே தரையில் நின்று பார்ப்பவனுக்கு அது ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். கூரை மேலுள்ள டிஷ் ஆன்டெனாவை ஒரு முறை திருப்பி வைத்தால் போதும், மறுபடி தொட வேண்டியதில்லை. வேறு எந்த உயரத்திலும் இந்த வசதி கிடையாது.

அந்த வளையத்திலும் கோள்களை நெருக்கி அடுக்க முடியாது. ஒன்றின் அலை மற்றொன்றின் அலையைக் கெடுத்துவிடும். டிகிரிக் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் நிறுத்த வேண்டும். நம் தேசத்துக் கோள்கள் நிற்கும் இடங்கள் கிழக்கே 55 டிகிரி, 74 டிகிரி, 83 டிகிரி, 93.5 டிகிரி என்று விரல் விட்டு எண்ணக்கூடியவை.

கோளும் சாகாவரம் பெற்றதல்ல. சூரியனும் சந்திரனும் இழுக்கிற இழுப்பில் இடம் விட்டு நகரும். உள்ளே இருக்கும் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, அதைத் திரும்பவும் இடத்தில் நிறுத்துகிறார்கள். சுமார் 15 வருஷத்தில் எரிபொருள் தீர்ந்துபோகும். தீருவதற்கு முன்னால் அதை இன்னும் 300 கிலோமீட்டர் மேலே தள்ளி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் புதுக் கோளைக் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒன்று கெட்டுப்போனால் வேறொன்றை நகர்த்தி வந்து நிறுத்த வேண்டும். எந்தக் கோள் எங்கே நகர்கிறது, அதன் இடத்துக்கு எப்போது எது வருகிறது என்பதெல்லாம் எஞ்சினீயர் பார்க்கிற கணக்கு என்று சொல்வார்கள். கணக்கு எஞ்சினீயருடையதுதான். முடிவு யாருடையது? அங்கேதான் வர்க்கம் வருகிறது.

துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள்

விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல என்று 1967-ம் வருஷத்து உடன்படிக்கை சொல்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நடப்பு என்ன? சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியனிடம் முதலில் மனுப் போடுகிறவனுக்கு இடம். ஏழு வருஷத்துக்குள் அங்கே கோளைக் கொண்டுவர வேண்டும். வந்த கோள் 90 நாள் நின்றால் "உபயோகத்துக்கு வந்துவிட்டது" என்று கணக்கு. அதன் பிறகு மூன்று வருஷம் வரை இடத்தைக் காலியாக வைத்திருக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

நாலு கோள் வைத்திருக்கிற கம்பெனி என்ன செய்கிறது? ஆயுள் முடியப்போகிற ஒரு பழைய கோளை நகர்த்திக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 90 நாள் கழிந்ததும் அதே கோளை அடுத்த இடத்துக்கு ஓட்டுகிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நாம் பார்த்ததில்லையா? அதே வித்தைதான். ஒரு வித்தியாசம்: பஸ்ஸில் துண்டு போடுகிறவன் களைத்துப்போன தொழிலாளி, வானத்தில் துண்டு போடுகிறவன் கோடீஸ்வரன். கடைசி வரை நின்றுகொண்டே வருவது ஏழை நாடு.

ஏழை நாடுகள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1976-ல் கொலம்பியா, ஈக்வடார், காங்கோ, கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலான பூமத்திய ரேகை நாடுகள் பொகோட்டா நகரில் கூடி, "எங்கள் தலைக்கு மேலே இருக்கிற வளையத்தில் எங்களுக்கு உரிமை உண்டு" என்று பிரகடனம் செய்தன. பணக்கார நாடுகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் கிளர்ச்சி வீண்போகவில்லை. சில அலைவரிசைகளிலாவது ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஓர் இடம் என்று 1988-ல் ஒரு திட்டம் வந்தது. இடம் கிடைத்தது சரி, கோள் செய்யவும் ராக்கெட் வாங்கவும் பணம்? பட்டா கொடுத்துவிட்டு ஏரும் மாடும் கொடுக்காமல் விட்ட கதைதான்.

இன்டெல்சாட்டின் சரித்திரத்தைப் பாருங்கள். 1964-ல் சர்க்கார்கள் கூட்டாகச் சேர்ந்து ஆரம்பித்த ஸ்தாபனம் அது. 140-க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கத்தினராக இருந்தன; இந்தியாவும் இருந்தது. அத்தனை நாடுகளின் பேரால் வானத்தில் பிடித்த இடங்களோடு சேர்த்து 2001-ல் அதைத் தனியார் கம்பெனியாக்கினார்கள். அது முதலீட்டுச் சூதாடிகளின் கைக்குக் கை மாறியது. கடன் ஏறி 2020-ல் திவால் மனுப் போட்டது. 2025-ல் எஸ்.இ.எஸ். என்ற இன்னொரு பெருங்கம்பெனி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. பொதுச் சொத்து ஏகபோகமாவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

நமக்குக் கிடைத்த பாடம்

கோளை நகர்த்துகிற கை யாருடையது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தியக் கிராமங்களே அனுபவித்திருக்கின்றன. 1975-ல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற கோள் ஆப்பிரிக்காவுக்கு மேலே 35 டிகிரிக்கு நகர்த்தி வரப்பட்டது. அதன் மூலம் ஆறு மாகாணங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் பள்ளிப் பாடமும் டெலிவிஷனில் காட்டினார்கள். வருஷம் ஒன்று முடிந்தது. 1976 ஜூலையோடு ஒளிபரப்பு நின்றது. சொந்தக்காரன் கோளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனான். இரவல் மாட்டை நம்பி எத்தனை நாள் உழ முடியும்?

சொந்தமாகச் செய்தோம். முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா 1975-ல் சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போயிற்று. 1981-ல் ஆப்பிள் என்ற செய்தித் தொடர்புக் கோளை மாட்டு வண்டியில் வைத்துச் சோதனை செய்தார்கள் நம் விஞ்ஞானிகள். அந்தப் புகைப்படத்தை உலகமே பார்த்தது. 1992-ல் சொந்தக் கையால் செய்த இன்சாட்-2ஏ வானேறியது.

1997-ல் இன்சாட்-2டி ஏவிய சில மாதங்களில் செத்துப்போயிற்று. பம்பாயில் தேசியப் பங்குச் சந்தையின் வியாபாரமே நின்றது. உடனே சர்க்கார் என்ன செய்தது? வானத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த அராப்சாட் கோள் ஒன்றை விலைக்கு வாங்கி, 55 டிகிரிக்கு நகர்த்தி நிறுத்தியது. வாங்கியது தவறென்று நாம் சொல்லவில்லை. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதை அது காட்டியது.

ஆனால் 2004-ல் கல்விக்கென்றே விடப்பட்ட எடுசாட் 2010-ல் ஆயுள் முடிந்தபோது அந்த வேகம் எங்கே போயிற்று? கல்விக்கென்றே மாற்றாக ஒரு தனிக் கோள் வரவில்லை. பாடங்களை மற்றக் கோள்களில் ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். பங்குத் தரகனின் கோள் செத்தால் அரேபியாவரை ஓட்டம். ஏழைப் பிள்ளையின் கோள் செத்தால் ஒண்டுக்குடித்தனம்!

யாருடைய "தேவை"?

இப்போது புதுக் கொள்கை வந்திருக்கிறது. 2020-ம் வருஷத்துச் "சீர்திருத்தம்" அதன் பெயர். "இனிமேல் தேவை அடிப்படையில்தான் கோள் செய்வோம்" என்கிறார்கள். அர்த்தம் என்ன? வாடகைக்கு எடுக்க வாடிக்கைக்காரன் முதலில் வர வேண்டும், பிறகுதான் கோள். 2022 ஜூனில், மக்கள் பணத்தில் செய்து வானில் நின்றிருந்த பத்துக் கோள்களை நியூஸ்பேஸ் இந்தியா என்ற சர்க்கார் கம்பெனிக்கு மாற்றினார்கள். அதே மாதத்தில் ஏவப்பட்ட ஜிசாட்-24 கோளின் முழுக் கொள்ளளவும் டாட்டா பிளே கம்பெனிக்கு வாடகைக்குப் போயிற்று.

புயல் எச்சரிக்கை விவசாயத் தொழிலாளிக்குத் தேவையில்லையா? அவன் எந்தக் கம்பெனியில் போய் வாடகை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பான்? 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் கரை திரும்பவே இல்லை. அவர்களுடைய தேவை எந்தக் கணக்கில் வரும்? பணம் இருப்பவன் கேட்டால் தேவை, இல்லாதவன் கேட்டால் இலவசம் என்பது முதலாளித்துவத்தின் அகராதி.

சர்க்கார் நினைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. மேகத்தையும் புயலையும் பார்க்கிற இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியில் ஏவப்பட்டது. முழுச் செலவும் புவி அறிவியல் மந்திரி இலாகாவுடையது. எந்த டாட்டாவும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் கோள் ஏறியது, வேலை செய்தது.

"தனியாரை விட்டால் திறமை வரும்" என்று உபதேசம் செய்கிறவர்களுக்குத் தேவாஸ் விவகாரம் மறந்துபோயிற்றா? 2005-ல், காங்கிரஸ் ஆட்சியில், விண்வெளி இலாகாவின் ஆன்ட்ரிக்ஸ் கம்பெனி தேவாஸ் என்ற தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள் பணத்தில் செய்ய வேண்டிய இரண்டு கோள்களில் பத்தில் ஒன்பது பங்கு அதற்கு. விஷயம் அம்பலமாகி 2011-ல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. கம்பெனி விட்டதா? 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் 56 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு தரச் சொன்னது. இதில் மோசடி நடந்திருக்கிறது என்று 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லி, கம்பெனியைக் கலைக்கும் உத்தரவை உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்கு வெளிநாட்டுக் கோர்ட்டுகளில் இழுபட்டது. இதுதானா அந்தத் திறமை?

பா.ஜ.க. சர்க்கார் பாடம் படித்ததா? கதவை இன்னும் அகலத் திறந்தது. 2024 பிப்ரவரியில் விண்வெளித் தொழிலில் அந்நிய மூலதனத்தின் வரம்பைத் தளர்த்தினார்கள். கோள் செய்து இயக்குவதில் 74 சதவீதம் வரை சர்க்காரைக் கேட்காமலே வரலாம், உதிரி பாகங்களில் 100 சதவீதம்! அதே வருஷம் நவம்பரில், 4,700 கிலோ எடையுள்ள நம்முடைய ஜிசாட்-என்2 கோளை அமெரிக்காவில் மஸ்க்கின் ராக்கெட்டில் ஏற்றினார்கள். நம் ராக்கெட்டின் சக்திக்கு மீறிய எடை என்று காரணம் சொன்னார்கள். 1993-ல் அமெரிக்க ஏகாதிபத்தியம் மிரட்டியதால் ருஷ்யா கிரையோஜெனிக் இஞ்சின் ரகசியத்தைத் தர மறுத்தது. அன்று நம் விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் முதுகைக் காட்டவில்லை. சொந்த இஞ்சினைச் செய்து மகேந்திரகிரியில் எரித்துக் காட்டினார்கள். பெரிய ராக்கெட்டுக்கு வேண்டிய பணத்தையும் ஆளையும் கொடுத்தால் அவர்களால் முடியாதா? கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல், வாடகை ராக்கெட்டுக்கு டாலர் கட்டுகிறார்கள்.

நமது கோரிக்கை

"சோற்றுக்கு இல்லாத தேசத்துக்கு ராக்கெட் எதற்கு?" என்று கேட்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 1957-ல் முதல் செயற்கைச் சந்திரனை வானில் விட்டது தொழிலாளி விவசாயிகளின் நாடு. விஞ்ஞானம் பணக்காரன் வீட்டுச் சீதனமல்ல. நாம் கேட்பது இவ்வளவுதான்:

தேசத்தின் பேரால் பெற்ற வானத்து இடம் ஒவ்வொன்றும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். எந்தக் கோள் எப்போது ஓய்கிறது, அதன் இடத்துக்கு எது வருகிறது, யாருக்கு வாடகை, எவ்வளவு என்பதைப் பார்லிமென்டில் வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை, மீனவர் பாதுகாப்பு, கல்வி, வைத்தியம் இவற்றுக்கு வேண்டிய மாற்றுக் கோள்களை, வாடிக்கைக்காரனுக்குக் காத்திராமல், பழையது சாவதற்கு முன்பே சர்க்கார் அனுப்ப வேண்டும். கோளும் ராக்கெட்டும் பொதுத் துறையில் செய்யப்பட வேண்டும். அங்கே உழைக்கிற காண்டிராக்ட் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும்.

தோழர்களே! ஊர்ப் புறம்போக்கை மீட்கப் போனபோது "பட்டா எங்கே?" என்று நம்மைக் கேட்டார்கள். வானத்துப் புறம்போக்குக்கு டாட்டாவிடமும் மஸ்க்கிடமும் பட்டா எங்கே இருக்கிறது? ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுங்கள். கூலிக்கான போராட்டத்தோடு இந்தக் கோரிக்கையும் சேரட்டும். நிலம் உழுபவனுக்கு! வானம் மக்களுக்கு!