கதவைச் சாத்திக்கொண்டு பேஸ் கிட்டார் கற்க முடியாது

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேசினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நாலு பேரோடு சேர்ந்து வாசிப்பது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்கிற பெற்றோர் நம்மில் நிறைய. அது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பு படிக்கும் என் தங்கை பேத்தி பேஸ் கிட்டார் கற்கிறாள். ஞாயிறு மாலையில் டிரம்ஸ், கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கப் போவாள். இதைத்தான் 'ஜாமிங்' என்கிறார்கள். "அதெல்லாம் வேண்டாம், யூடியூப் பார்த்து வீட்டிலேயே வாசிக்கட்டும், முதலில் கிரேடு பரீட்சையை முடிக்கட்டும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வரிசையாகக் கட்டைவிரல்கள் வேறு. என் கட்டைவிரல் அதில் இல்லை.

பேஸ் கிட்டார் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். நாலு தந்தி. சாதாரண கிட்டாரின் கீழ்ச்சுருதித் தந்திகள் நாலையும் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அதுதான் பேஸ். அதன் அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். பாட்டுக் கேட்கிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார். நின்றுபோனால்தான் பாட்டே காலியானது போல இருக்கும். டிரம்ஸின் தாளத்தையும் பாடுகிறவரின் சுரத்தையும் ஒன்றாகக் கட்டுவதுதான் அதன் வேலை. கட்டுவதற்கு எதிரே ஆள் வேண்டாமா?

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கயிறு காட்டிக்கொடுத்துவிடும். அந்த இழுப்பை வீட்டுத் திண்ணையில் கயிறு கட்டி யாரும் கற்றதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளிலும் அப்படித்தான். உளி பிடிக்கப் புத்தகம் உண்டு, 1957இல் தொடங்கிய கல்லூரியும் உண்டு. ஆனாலும் பக்கத்தில் இன்னொருவர் கொத்தும்போதுதான் கை பழகுகிறது.

தனியாக வாசித்தால் வராதது என்ன? பாடுகிற பெண், "எனக்குச் சுருதி எட்டவில்லை, ஒரு கட்டை இறக்கு" என்பாள். மனப்பாடம் செய்த விரல் இடமெல்லாம் அந்த நிமிடமே மாறும். அப்போதுதான் காது வேலை செய்யத் தொடங்கும். டிரம்ஸ் பையன் உற்சாகத்தில் ஓடுவான், அவனை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு சுரம் தப்பினால் நிறுத்த முடியாது, அடுத்த சுற்றில் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குறைவாக வாசிக்கத் தெரிய வேண்டும். யூடியூப் நமக்காக நிற்காது, நம்மை முறைத்துப் பார்க்கவும் செய்யாது. மெட்ரோனோம் தாளம் தவறுவதைக் காட்டும். "நீ அதிகமாக வாசிக்கிறாய்" என்று சொல்லாது.

பெரியவர்கள் உதாரணம் கேட்பீர்கள். இளையராஜா சென்னைக்கு வருவதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராக வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டது அதற்குப் பிறகு. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது அதற்கும் பிறகு. அந்தக் காலத்துப் பாடல் பதிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், ஒருவர் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடக் கடுமையான பரீட்சை எந்தக் கிரேடில் இருக்கிறது? ஏ.ஆர்.ரகுமானும் சிறு வயதில் சிவமணி போன்றவர்களோடு 'ரூட்ஸ்' குழுவில் வாசித்தவர்தான். வெளிநாடு வேண்டுமா? பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் கிட்டார் வாசித்தவர். 1961இல் பேஸ் வாசித்தவர் விலகியதும் இவர் அதை எடுத்துக்கொண்டார். ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவு இரவாக மணிக்கணக்கில் குழுவோடு வாசித்த காலம் அது.

"பெண் பிள்ளையாயிற்றே" என்று ஒரு குரல் வந்தது. மும்பையின் மோகினி தேவும் பெண் பிள்ளைதான். அப்பாவிடம் பேஸ் கற்று, சிறு வயதிலேயே மேடையேறி, ரகுமானோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்தவர். பிள்ளையின் பாதுகாப்புதான் கவலை என்றால் கூடப் போய் உட்காருங்கள். யார் வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேளுங்கள். அது பெற்றோர் கடமை. கதவைச் சாத்துவது கடமையில் சேராது.

தனிப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரல் பழகாமல் போனால் மற்றவர் நேரமும் கெடும். ஆறு நாள் தனியாக, ஒரு நாள் கூட்டாக என்பது என் கணக்கு. சத்தத்தைக் குறைத்து வாசிக்கட்டும், காது முக்கியம். பரீட்சை மாதத்தில் ஒரு மணி நேரம் போதும். கிரேடு சான்றிதழும் நல்லதுதான், ஆனால் அது எத்தனை பாடம் முடிந்தது என்றுதான் சொல்லும். நானும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ வாங்கியவள். பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தப் படிப்பு. பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பறை.

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வாத்தியம் கற்கும் பிள்ளை இருந்தால், அதே தெருவில் இன்னொரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். இடம் இல்லை என்றால் எங்கள் மொட்டை மாடி ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை காலியாக இருக்கிறது. பக்கத்து வீடுகளில் நான் பேசிக்கொள்கிறேன். டீ என் செலவு.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், வெறும் கட்டைவிரல் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்