பல் பொய் சொல்லும்!

பி.காம். முடித்து நான் முதன்முதலாக வேலைக்குப் போன கம்பெனியில் ஒரு நாள் கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. ஆபீஸ் பையன்தான் என்று எல்லோரும் (நானும்தான்) முடிவு கட்டினோம். மேனேஜர் அரை மணி நேரம் உருட்டி மிரட்டியதும், "சரி சார், நான்தான் எடுத்தேன்" என்று அழுதான். மறுநாள் பார்த்தால், டிராயர் இடுக்கில் மடங்கிக் கிடக்கிறது 500 ரூபாய்க்கான வவுச்சர்! அன்றிலிருந்து, 'குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்தப் பையன் முகம்தான்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் 1983-ல் ஒன்று, 1986-ல் ஒன்று என இரண்டு கொலைகள். இறந்த இருவருமே 15 வயசுப் பெண்கள். 17 வயசுப் பையன் ஒருவன் சிக்கினான். இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலை நானில்லை என்றான். லெஸ்டர் யுனிவர்சிடியில் அலெக் ஜெஃப்ரீஸ் என்பவர் 1984-ல்தான் டி.என்.ஏ-வை வைத்து ஆளை அடையாளம் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். முதல் கொலையையும் பையன் தலையில் கட்டலாம் என்று போலீஸ் அவரிடம் போனது. அவர் சொன்ன பதில்: இரண்டையும் செய்தது ஒரே ஆள். ஆனால் இந்தப் பையன் இல்லை!

அப்புறம் சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களைச் சோதித்தார்கள். நிஜக் கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க், பேக்கரியில் கூட வேலை பார்த்தவனைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டான். காலேஜ் பிராக்ஸி மாதிரி! 1987-ல் அந்த நண்பன் பப்பில் உளற, அது ஒரு பெண்மணி காதில் விழ... ஆசாமி அகப்பட்டான்.

அடுத்து பல். அமெரிக்காவின் டெட் பண்டி, 1978-ல் ஃப்ளோரிடாவில் கொன்ற ஒரு பெண்ணின் உடம்பில் கடித்த தடம் இருந்தது. மறு வருஷம் கோர்ட்டில் அதை அவன் பல்வரிசையோடு பொருத்திக் காட்டினார்கள். தண்டனை. பல்லுக்கு ஏக மவுசு! ஆனால் 1992-ல் அரிசோனாவில், பல்வரிசை கோணலாக இருந்த ஒரு முன்னாள் தபால்காரருக்கு இதே சாட்சியத்தை நம்பி மரண தண்டனை விதித்தார்கள். 2002-ல் டி.என்.ஏ. வேறொருவனைக் காட்டியது. போன பத்து வருஷத்தை யார் தருவது? தோல் என்ன சிமென்ட்டா, பதிந்தது அப்படியே நிற்க? இழுத்தால் நெளியும். கடித்தடத்துக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

காமர்ஸ்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் ஒரு கேஸ் உண்டு. அட்லாண்டாவில் 1979 முதல் 1981 வரை வரிசையாகக் கொலைகள். சடலங்களில் ஒட்டியிருந்த இழைகள் வேன் வில்லியம்ஸ் வீட்டு கார்பெட்டோடு ஒத்துப்போயின. 'அதே கார்பெட் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்?' கம்பெனியின் விற்பனைக் கணக்கைப் புரட்டி, 7,792 வீட்டுக்கு ஒன்று என்று கோர்ட்டில் சொன்னார்கள். 1982-ல் இரண்டு கொலைகளுக்குத் தண்டனை. இழை ஆளைக் காட்டாது. ஆனால் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று நேர்மையாகக் கணக்குக் காட்டும். பல் அதைச் செய்யவில்லை.

டி.என்.ஏ. மட்டும் கடவுளா? ஜெர்மனியில் 2007-ல் ஒரு பெண் போலீஸ் கொலை. அங்கே கிடைத்த அதே டி.என்.ஏ. சுமார் 40 சம்பவ இடங்களிலும்! மாயக் கொலைகாரியைத் தேடு தேடென்று தேடி, 2009-ல் கண்டுபிடித்தார்கள்... தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சியை பேக் பண்ணும் ஃபாக்டரி அம்மாள்! பாவம், அவர் தொட்டது பஞ்சை மட்டும்தான்.

எந்த முறை உசத்தி என்று கேட்டால் என் அளவுகோல் ஒன்றுதான்: 'இவன்தான்' என்று எத்தனை தடவை சொன்னது என்பதல்ல. 'இவன் இல்லை' என்று சொல்லத் தெரியுமா?

எங்கள் ஆபீஸ் பையனுக்கு அதைச் சொல்ல ஒரு வவுச்சர் கிடைத்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். நான் 'ஸாரி' சொல்லவேயில்லை.